கப்பல் சுற்றுலா: எப்போது புக் செய்வது?

சொகுசுக் கப்பல் பயணத்திற்கு நிலையான விலை கிடையாது. ஒரே கேபினுக்கு இன்று ஒரு விலை, அடுத்த வாரம் வேறு விலை. கேபின்கள் நிரம்பும் வேகத்தைப் பார்த்து, கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர் கட்டணத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். நம்மிடமும்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே!

மியாமியிலிருந்து கரீபியன் தீவுகளுக்குச் செல்லும் கப்பல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை 'வேவ் சீசன்'. கம்பெனிகள் போட்டி போட்டுச் சலுகை தரும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே புயல் காலம் என்பதால் செப்டம்பர், அக்டோபர் பயணங்கள் பெரும்பாலும் மலிவு. கிறிஸ்துமஸ் வாரம் கையைக் கடிக்கும்.

நான் எக்செல்லில் தேதி, கேபின் வகை, மொத்தத் தொகை என்று மூன்று காலம்கள் அமைத்து, வாரம் ஒருமுறை விலையை டைப் செய்து வைப்பேன். துறைமுகக் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்த தொகையைத்தான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. நாலைந்து வாரத்தில் விலையின் போக்கு தெரிந்துவிடும்.

முழுப் பணம் கட்டும் கடைசி நாள், பெரும்பாலும் புறப்பாட்டிற்குச் சுமார் 90 நாட்களுக்கு முன் வரும். அதற்குள் விலை இறங்கினால், குறைந்த விலைக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். அந்த நாளையொட்டிப் பலர் ரத்து செய்வதால், காலியான கேபின்கள் பிறகு மலிவாக வருவதும் உண்டு. ஆனால் அது காரிலேயே மியாமி போகக்கூடியவர்களுக்கான வித்தை. விசாவும் விமான டிக்கெட்டும் வேண்டிய நாம் அதை நம்பிக் காத்திருக்கக்கூடாது.

புக் செய்யும் முன், முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று பாருங்கள். 'நான் ரீபண்டபிள்' என்று இருந்தால், ரத்து செய்யும்போது அது போய்விடும்.