பாரிமுனைக்கு என்ன திட்டம்?

கல்யாணப் பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெரு, மொத்தத் துணிக்கு கோடவுன் தெரு, மருத்துவக் கருவிகளுக்கு நைனியப்ப நாயக்கன் தெரு. பாரிமுனையை ஒட்டிய சென்னை ஜார்ஜ் டவுனில் தெருப் பெயரைச் சொன்னாலே சரக்கு தெரிந்துவிடும். ஒரே சரக்கை விற்பவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான், வெளியூர் வியாபாரி ஒரே நாளில் பத்துக் கடை ஏறி விலை கேட்டு, இருட்டுவதற்குள் லோடு போட முடிகிறது. இந்தப் பகுதிக்கு யார் திட்டம் போட்டாலும் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது இதை.

இதுவரை நடந்தது பெரும்பாலும் இடமாற்றம். கொத்தவால் சாவடியின் மொத்தக் காய்கறி வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனது. வெளியூர்ப் பேருந்துகள் 2002-ல் பிராட்வேயிலிருந்து அதே கோயம்பேட்டுக்கும், தென் மாவட்டப் பேருந்துகள் பிறகு கிளாம்பாக்கத்துக்கும் போயின. காய்கறியை மாற்றியது சரியான முடிவு. அழுகும் சரக்கை ஏற்றிவரும் லாரிகளுக்கு அந்தச் சந்துகள் தாங்காது. ஆனால் நெரிசல் கூடவே கிளம்பிப் போகவில்லை. காலியான இடத்தை வேறு வியாபாரம் பிடித்துக்கொண்டது, வீட்டு மாடிகள் கிடங்குகளாயின. எல்லா இடமாற்றமும் பலிப்பதும் இல்லை. 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் கடைகளுக்குக் கூப்பிடு தூரத்தில் அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். பழைய கூட்டம் அங்கே வரவில்லை.

உயரமாகக் கட்டவிட்டால் தீருமா? ஒரு மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைச் சொல்வது தளப்பரப்புக் குறியீடு. 2019-ல் வந்த தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி, அடுக்குமாடிக் கட்டடத்துக்கு 3.25 என்ற குறியீடு முழுதாகக் கிடைக்க, முன்னால் 18 மீட்டர் அகலச் சாலை வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய இந்தத் தெருக்களில் அதற்கு வழியில்லை. நாலைந்து மனைகளை ஒன்றாக்கித் தெருவை அகலப்படுத்தலாம் என்பார்கள். பல பங்காளிகளுக்குச் சொந்தமான, தலைமுறை வாடகையில் ஓடும் கட்டடங்களில் அது காகிதத்தோடு நிற்கும்.

ஆகவே பெரிய வேலை அரசு நிலத்தில்தான் நடக்கிறது. பிராட்வே பேருந்து நிலையத்தையும் குறளகம் என்ற அரசுக் கட்டடத்தையும் இடித்து, 800 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் பேருந்து நிலையமும் வணிக வளாகமும் சேர்ந்த கட்டடம் என்பது திட்டம். உயர் நீதிமன்றம், மண்ணடி மெட்ரோ நிலையங்கள் 2019-லிருந்தே இயங்குவதால், பயணிகளுக்கு இது நல்ல ஏற்பாடு.

சரக்குக்கு? பாண்டி பஜாரில் 2019-ல் அகலப்படுத்திய நடைபாதை பையோடு வருகிறவர்களுக்கானது. இங்கே மூட்டையோடு வருகிறார்கள். மீன்பாடி வண்டியும் குட்டியானையும் எந்நேரமும் தெருவிலேயே நின்று ஏற்றி இறக்குகின்றன, ஏனென்றால் அவற்றுக்கு வேறு இடம் கிடையாது. எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு இறக்கலாம், லாரி செட் எங்கே இருக்கலாம், சுமை தூக்குபவர் எங்கே உட்காரலாம் என்று எழுதாத திட்டம், எத்தனை மாடி கட்டினாலும், அரைத் திட்டம்தான்.

நடைபாதைக் கடைக்காரர்களை அப்புறப்படுத்துவது மட்டும் உடனே ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. 2014-ம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டமோ, கணக்கெடுப்பு முடியும் வரை வெளியேற்றக் கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026 வரை. அடுத்தது 2046 வரைக்கும் போகும். சட்டப்படி வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். ஜார்ஜ் டவுனில் கடையோ வீடோ வைத்திருப்பவர்கள், அதில் சரக்கு இறக்க இடம் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.