வான்கோழிக் குழம்பு

புலால் உண்ணாதவன் புலாற் குழம்பைப் பற்றி எழுதப் புகுவது நகைப்புக்குரியதே. ஆயினும், சென்ற மார்கழியில் மருதனார்மடத்து வீடொன்றிலே நான் கண்டதும் கேட்டதும் குழம்போடு முடிந்துவிடவில்லை. முப்பது ஆண்டுகளாகத் தீர்க்காது வைத்திருந்த பழைய கடன் ஒன்றும் அன்று நினைவுக்கு வந்தது. ஆதலின், அன்பர்கள் பொறுமையோடு படிப்பார்களாக.

காங்கேசன்துறை வீதியில், சேர் பொன். இராமநாதன் 1913ஆம் ஆண்டிற் பெண்கல்வி கருதி நிறுவிய கல்லூரியையும், வலிகாமத்துச் செம்மண்ணின் விளைவெல்லாம் வந்து குவியும் சந்தையையும் உடையது மருதனார்மடம். அவ்வூரைச் சேர்ந்த என் பழைய மாணாக்கர் ஒருவர், கனடாவிலே ரொறன்ரோ நகரத்து உணவுச்சாலை ஒன்றிற் சமையற்காரராய் இருப்பவர், விடுமுறையில் வந்திருந்தார். “ஐயா, ஒருநாள் வீட்டுக்கு வரவேணும்” என்று நேரில் வந்து அழைத்தார். உடனே இசைய என் நா எழவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வேன்.

நான் சென்றபோது, ஏறக்குறைய ஆறு கிலோ நிறையுள்ள வான்கோழி ஒன்று, காலைப் பாண் சுட்டு முடிந்த பேக்கரிப் போறணையில் வெந்து, தட்டத்தோடு வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. கனடா நாட்டவர் ஐப்பசியை ஒட்டி, ஒக்டோபர் மாதத்து இரண்டாந் திங்கட்கிழமையிலே நன்றி நவிலும் நாள் கொண்டாடுவர். அமெரிக்கர் அதனை நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமையிற் கொண்டாடுவர். அந்நாளிலும் நத்தாரிலும் இப்பறவையும் அதன் குழம்பும் அவர்களுக்கு இன்றியமையாதன. நம்முடைய கறியில் இறைச்சியும் குழம்பும் ஒரே சட்டியிற் பிறக்கும். அவர்களுடையதோ, பறவை வெந்தபின் அது விட்டுச்சென்றதைக் கொண்டு தனியே ஆக்கப்படுவது. “கிரேவி” என்றார் அவர். அகராதிகள் குழம்பெனப் பொருள் கூறுவதும், முஸ்லிம் மக்கள் இன்றும் வழங்குவதுமான “ஆணம்” என்ற பழஞ்சொல் இதற்குப் பொருந்துமே என்று எண்ணிக்கொண்டேன்.

பறவையை வேறாக எடுத்துவைத்துவிட்டுத் தட்டத்தைக் காட்டினார். அடியிலே கரும்பழுப்பாய் ஏதோ பற்றியிருந்தது.

“அடிப்பிடித்துவிட்டதே, தம்பி?” என்றேன்.

“இல்லை ஐயா. கருகினால்தான் கைக்கும். இது சிவந்தது. ருசி முழுக்க இதிலைதான் கிடக்கு.”

இறைச்சியின் புரதப் பகுதிகளும் வெல்லப் பகுதிகளும் கடுஞ்சூட்டிற் கலந்து சிவந்து, மணமும் சுவையும் பெறுகின்றன. இதனை 1912ஆம் ஆண்டில் விளக்கியவர் மயார் என்னும் பிரெஞ்சு அறிஞர். அகப்பை கொண்டு சுரண்டி எறிவோர் எறிவது அழுக்கையன்று, சுவையையே என்று அறிந்தேன்.

முதல் வேலை சாறு. கழுத்து, இரைப்பை, இதயம் ஆகியவற்றை வெங்காயம், கரட், மிளகு சேர்த்து, துள்ளிக் கொதிக்க விடாமற் சிறு தீயில் இரண்டு மணிநேரம் வைத்து வடித்திருந்தார். ஈரலைச் சேர்க்கவில்லை, நெடுநேரம் வெந்தால் அது சாற்றைக் கைப்பாக்கும் என்றார். அடுத்து, தட்டத்திலிருந்த நீர்மத்தைத் தெளிய வைத்து, மேலே மிதந்த நெய்யை அகற்றிக் கொண்டார். அடியில் நின்ற நீர் சாற்றோடு சேர்ந்தது. தட்டத்தில் அந்தச் சாற்றிற் சிறிது ஊற்றி, அனலில் வைத்து, பற்றியிருந்ததை மெல்லக் கரைத்தெடுத்தார்.

பின்னர்த் தாச்சியில் நான்கு மேசைக்கரண்டி நெய். அதே அளவு கோதுமை மா. இவற்றுக்கு இரண்டு கோப்பைச் சாறு. இதுவே கணக்கு. மாவை நெய்யிலிட்டுப் பச்சை மணம் போய்ப் பொன்னிறம் வருமளவும் மூன்று நான்கு நிமிடம் கிளறினார். வெறும் மாவைக் கொதிநீரிற் கொட்டினால், வெளிப்புறம் உடனே வெந்து பசையாகி, உள்ளே உலர்ந்த மாவைப் பூட்டிவிடும்; அதுவே கட்டி. நெய்யிற் பிரட்டிய மாவின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமற் பிரிந்து நிற்றலின், சாற்றை ஏற்று ஒருசீராய்த் தடிக்கும். நம் தாய்மார் கூழுக்கு ஒடியல் மாவை முன்னரே தண்ணீரிற் கரைத்துவைத்து ஊற்றுவதும் இக்கருத்துப் பற்றியே அன்றோ?

இந்த இடத்திலே பழைய கடனைச் சொல்லியாக வேண்டும்.

1995ஆம் ஆண்டு. ஆசிரியப் பணியேற்ற புதிது. பண்டிதர் என்ற பெயரின் சூடு தலையிலிருந்து இறங்காத காலம். ஒருநாள் மூதுரை கற்பித்தேன். மயில் ஆடக் கண்டு வான்கோழி தானும் சிறகு விரித்ததைக் கல்லாதவனுக்கு உவமை கூறும் செய்யுள். பின்வரிசையிலிருந்து இவர் எழுந்தார். அப்போது பதினான்கு வயது இருக்கும்.

“ஐயா, எங்கடை வீட்டு வான்கோழி மயிலைக் கண்டதேயில்லை. அதுவும் வாலை விரிச்சு ஆடுது. அப்ப அது ஆரைப் பார்த்துப் பழகினது?”

வகுப்பு நகைத்தது. எனக்கு விடை தெரியவில்லை; தெரியாது என்று சொல்லும் துணிவும் இல்லை. “நீதானடா அந்த வான்கோழி, இரு!” என்றேன். வகுப்பு முன்னிலும் பெரிதாய் நகைத்தது. அன்றுமுதல் அதுவே அவர் பெயராயிற்று. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தது. மறு ஆண்டு நாங்கள் திரும்பியபோது அவர் இருந்த இடம் வெறுமையாய்க் கிடந்தது.

பின்னாளிற் படித்தறிந்தேன். சேவல் வான்கோழி பேட்டைக் கவர இயல்பாகவே வால் விரிப்பது. மயிலுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அதன் தாயகம் அமெரிக்கா. மெக்சிக்கோ நாட்டவர் வளர்த்த அப்பறவையை ஸ்பானியர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குக் கொணர்ந்தனர். 1612ஆம் ஆண்டிற் கோவாவிலிருந்து தமக்கு வந்த ஒன்றைக் கண்டு வியந்து, ஜஹாங்கீர் மன்னர் தம் நினைவுக் குறிப்பில் வருணித்தார். ஓவியர் மன்சூர் அதனை வரைந்தார். வந்தவழி மறந்த உலகம் அதற்கு எத்தனையோ ஊர்ப்பெயரை இட்டது. ஆங்கிலேயர் துருக்கியின் பெயரையும், பிரெஞ்சுக்காரரும் துருக்கியரும் இந்தியாவின் பெயரையும், ஒல்லாந்தர் கள்ளிக்கோட்டையின் பெயரையும் இட்டனர். ஒல்லாந்தரின் “கல்கூன்” என்பதே சிங்களத்திற் “களுகுமா” ஆயிற்று. ஆகவே, மூதுரை கூறுவது இப்பறவையையே ஆயின், அச்செய்யுள் 16ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாதல் இயலாது. முற்பட்டதாயின், அங்கே வான்கோழி என்றது வேறொரு பறவையை ஆதல் வேண்டும். இத்தனை ஆராய்ச்சிக்கும் வாயிலைத் திறந்தது அச்சிறுவனின் வினா. அவ்வாயிலை அடித்துச் சாத்தியவன் நான்.

தாச்சியின் முன் நின்று அதனைச் சொன்னேன். “தம்பி, அன்று நீர் கேட்டது நல்ல கேள்வி. நான் செய்தது பிழை.”

அவர் உடனே மறுமொழி கூறவில்லை. மா பொன்னிறமாகிக்கொண்டிருந்தது.

“அப்ப நொந்ததுதான் ஐயா,” என்றார் சற்றுநேரங் கழித்து. “கனநாள் நொந்தது.” பின்னர்ச் சாற்றுச் செம்பை என்னிடம் நீட்டினார். “கொஞ்சங் கொஞ்சமா ஊத்துங்கோ. நான் கிளறுறன். அவசரப்பட்டால் கட்டி விழும்.”

ஊன்சாற்றை என் கையால் ஊற்றியது வாழ்நாளில் அன்றே முதன்முறை. ஊற்றினேன். கட்டி விழவில்லை. ஐந்தாறு நிமிடம் மெல்லக் கொதித்து, அகப்பையின் முதுகிற் படியும் பதம் வந்ததும் உப்பும் மிளகுதூளும் இட்டு இறக்கினார்.

எனக்கென வேறொரு சிறு சட்டி இருந்தது. சந்தையிற் காலையில் வாங்கிய சின்ன வெங்காயமும் காளானும் பசுநெய்யிற் சிவக்க வதக்கி, அதே முறையில் மரக்கறிச் சாறு ஊற்றி ஆக்கிய குழம்பு. “உங்களுக்குப் புதுச்சட்டி ஐயா” என்றார் அவருடைய தாயார். மசித்த உருளைக்கிழங்கின் மேல் அதனை ஊற்றி உண்டேன். மறுமுறையும் கேட்டு வாங்கி உண்டேன்.

இவ்வாண்டு வகுப்பில் அச்செய்யுள் மீண்டும் வந்தது. பதவுரை கூறுமுன், “இதிலே ஒரு மாணவர் முன்னர் ஒரு வினாக் கேட்டார்” என்று தொடங்கி, அவ்வினாவை அவர் கேட்டவாறே சொன்னேன். அன்று நான் சொன்ன விடையையும் மறைக்கவில்லை. வகுப்பு நகைக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது.