யென் எங்கே போகும்?

1985 மே மாதம் தொடங்கி, டோக்கியோவில் மாதம் இருமுறை புதன்கிழமையன்று 44 நிறுவனங்களுக்குத் தொலைபேசி போனது. ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து டாலருக்கு எத்தனை யென்? ஜப்பான் பன்னாட்டு நிதி மையம் கேட்ட கேள்வி அவ்வளவுதான். வங்கிக்காரர், தரகர், காப்பீட்டு நிறுவனத்தார், ஏற்றுமதி இறக்குமதி செய்பவர் என்று ஆளாளுக்கு ஓர் எண் சொன்னார்கள்.

பொருளாதார அறிஞர் தகாதோஷி இட்டோ அந்தப் பதில்களைத் தனித்தனியே பிரித்துப் படித்து 1990இல் எழுதினார். ஏற்றுமதியாளர்களின் கணிப்பு, மற்றவர்களைவிட யென் மலியும் பக்கம் சாய்ந்திருந்தது. இறக்குமதியாளர்களுடையது, யென் வலுக்கும் பக்கம். அவரவர் கல்லாவுக்கு எது நல்லதோ, அதுவே வாயில் வந்தது.

அவர்கள் ஒன்றும் தீர்க்கதரிசிகள் அல்லர். 1985 செப்டம்பரில், டாலரின் மதிப்பைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட பிளாசா ஒப்பந்தம் வந்து, 240 யென் அளவிலிருந்த டாலர் ஓராண்டுக்குள் 155 அருகே சரிந்தது. அந்த வேகம் பலரைத் திணறடித்தது. ஆனாலும் அவரவர் தவறு அவரவருடையது. ஒருவர் மேலே தவற, இன்னொருவர் கீழே தவற, சராசரிக்குக் கொஞ்சம் மதிப்பு மிஞ்சியது.

இன்று கணிப்பாளர் எண்ணை எழுதுமுன் திரையைப் பார்க்கிறார். வங்கிகளின் பெயர்கள் வரிசையாக, எதிரே ஒவ்வொன்றின் எண், மேலே எல்லாவற்றின் நடுமதிப்பு. தன் கணக்கு அதிலிருந்து பத்து யென் விலகியிருந்தால் கை தயங்கும். எல்லோரோடும் சேர்ந்து தவறினால் சந்தையைக் காரணம் காட்டலாம். தனியாகத் தவறினால் மேலதிகாரி கூப்பிடுவார். இந்தப் பயத்தை ஷார்ஃப்ஸ்டைன், ஸ்டைன் என்ற பொருளாதார அறிஞர் இருவர் அதே 1990இல் கணிதமாகவே எழுதிக் காட்டினார்கள்.

எல்லோரும் பார்ப்பது ஒரே வட்டி விகிதத்தைத்தானே, முடிவும் ஒன்றாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். அதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் 2023 தொடக்கத்தில் பெரும்பாலோர் யென் வலுக்கும் என்றார்கள். 131இல் தொடங்கிய டாலர், 141இல் ஆண்டை முடித்தது. அடுத்த ஆண்டும் அதே பேச்சு. ஜூலை தொடக்கத்தில் டாலர் 161 யென்னுக்கு மேல் நின்றது. இத்தனை பேரும் ஒரே பக்கமாகத் தவறும்போது சராசரி எதையும் சரிசெய்யாது. அதை நம்பி இறக்குமதிக்கு முன்கூட்டி டாலர் வாங்காமல் காத்திருந்த சிறு நிறுவனம், முப்பது பேரைக் கலந்துகொண்டதாகவே நினைத்திருக்கும். அது கேட்டது ஒரே கருத்தை, முப்பது முறை.

இப்படிப்பட்ட பட்டியல் கைக்கு வந்தால் நான் நடுமதிப்பை விட்டுவிட்டு ஓரத்தில் தனியாக நிற்கும் எண்ணைத்தான் முதலில் தேடுகிறேன். அந்த ஆள் காரணம் எழுதியிருந்தால் முழுதும் படிக்கிறேன்.