விழாமல் நின்ற கட்டடம்

2016ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள். சென்னை போரூரை அடுத்துள்ள மௌலிவாக்கத்தில், அன்று ஒரு பதினொரு மாடிக் கட்டடத்தைச் சுற்றியிருந்த வீடுகள் பூட்டப்பட்டன. குடியிருந்தோர் அனைவரையும் அதிகாரிகள் அப்புறப்படுத்தினர். தெருமுனைகளில் காவலர் நின்றனர். பிற்பகலில் நடைபெறும் என்று எதிர்பார்க்கப்பட்ட காரியம், மாலை மயங்கிய பிறகே நடந்தது. வரிசையாக வெடியோசை எழுந்தது. சில வினாடிகளுக்குள் அந்தப் பெருங்கட்டடம் நின்ற இடத்திலேயே மண்டியிட்டது போலச் சரிந்து, புழுதிமேடாயிற்று. எவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

சில வினாடிகளில் முடிந்துபோன இக்காரியத்திற்காக, ஒரு மாநகரம் இரண்டு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் காத்திருந்தது. இந்தக் காத்திருப்பில் சேலம், நாமக்கல் பகுதிகளில் வாழும் நமக்கும் ஒரு பாடம் உண்டு.

இரட்டையரில் ஒன்று

மௌலிவாக்கத்தில் எழும்பியவை இரண்டு கட்டடங்கள். இரண்டும் பதினொரு மாடிகள் உடையவை. அவ்வளாகத்திற்கு ‘டிரஸ்ட் ஹைட்ஸ்’ என்று பெயர். நம்பிக்கைச் சிகரம் என்று பொருள் கொள்ளலாம்! 2014ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், சனிக்கிழமை மாலை, மழை பெய்துகொண்டிருந்த வேளையில், அவற்றுள் ஒன்று இடிந்து தரைமட்டமாயிற்று. கட்டட வேலை முடியாத காலம் அது. ஆகவே உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் கூலித் தொழிலாளிகள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் மாநிலத்தின் சிற்றூர்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் தீயணைப்புத் துறையினரும் இரவு பகல் பாராமல் ஏறத்தாழ ஒரு வார காலம் இடிபாடுகளை அகற்றினர். 27 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். 61 பேர் மாண்டனர்.

இடி விழுந்ததே காரணம் என்று முதலில் ஒரு பேச்சு எழுந்தது. ஆனால், ஓய்வுபெற்ற நீதிபதி ரகுபதி அவர்களைக் கொண்டு அரசு அமைத்த விசாரணை ஆணையத்தின் முன் வெளிப்பட்டது வேறு. கட்டடத்தின் அமைப்பிலேயே குறை இருந்தது; மேலிருந்து இறங்கும் பாரத்தைச் சுமக்கும் வலிமை தூண்களுக்கு இல்லை. மழையையும் மின்னலையும் பழிப்பது எளிது. ஆனால் அதே மழையில்தானே ஊரிலுள்ள மற்ற வீடுகளும் நின்றன?

நிற்பதே ஆபத்து

விழுந்த கட்டடம் செய்தியாயிற்று. விழாமல் நின்ற கட்டடமோ ஒரு கேள்வியாயிற்று. அதே மண், அதே திட்டம், அதே கைகள். உடன்பிறப்பு வீழ்ந்த விதத்தில் இதுவும் வீழாது என்று எவர் உறுதி கூற முடியும்? குடியேற ஒருவருக்கும் துணிவில்லை. இடிக்கவோ ஒருவருக்கும் உடனே இயலவில்லை.

ஏன் இயலவில்லை என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கட்டடம் என்பது செங்கல்லும் சிமெண்டும் மட்டும் அன்று. அதில் கடன் வாங்கிப் பணம் கட்டிய குடும்பங்களின் சேமிப்பு இருந்தது. கட்டியவரின் முதல் இருந்தது. அனுமதி அளித்த அலுவலகங்களின் பொறுப்பு இருந்தது. அண்டை வீட்டாரின் அச்சம் இருந்தது. இடித்துவிட்டால் இழப்பு யாருக்கு? பழுதுபார்த்து வலுப்படுத்த முடியாதா? செலவை ஏற்பவர் யார்? இத்தகைய கேள்விகளுடன் வழக்கு நீதிமன்றப் படிகளில் ஏறி, உச்சநீதிமன்றம் வரை சென்றது. நீதி நிதானமாக நடப்பது தவறன்று. ஆயினும், மனிதர் வாதாடி முடிக்கும் வரை காத்திருக்கிறேன் என்று எந்தத் தூணும் வாக்களிப்பதில்லை. அந்த நாள்கள் அசம்பாவிதமின்றிக் கழிந்தது இறைவனின் அருள் என்றே சொல்ல வேண்டும்.

இறுதியில் கையாளப்பட்ட முறையையும் அறிந்துகொள்வோம். சம்மட்டி கொண்டு மாடி மாடியாக இடிப்பதென்றால், தொழிலாளிகள் பல வாரங்கள் அந்த நம்பத்தகாத கூரையின் அடியிலேயே நிற்க வேண்டும். ஆகவே, தேர்ந்தெடுத்த தூண்களில் துளையிட்டு, அளவாக வெடிமருந்து வைத்தனர். இம்முறையில் எல்லா மருந்தும் ஒரே நொடியில் வெடிப்பதில்லை. நொடியின் சிறு பகுதிகளை இடைவெளியாக விட்டு ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். தாங்கும் கால்கள் முறிந்ததும், மீதி வேலையைக் கட்டடத்தின் சொந்தப் பாரமே செய்துவிடும். அதுவும் வெளியே சாயாமல் உள்நோக்கியே விழும். தமிழ்நாட்டில் இவ்வளவு உயரமான கட்டடம் ஒன்று இம்முறையில் தகர்க்கப்பட்டது அதுவே முதல் தடவை.

எல்லாவற்றையும் இடிப்பதா?

அப்படியானால், பழுதுபட்டவை யாவற்றையும் தகர்த்துவிடுவதுதான் வழியோ? அன்று. சென்னைச் சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாபின் அரண்மனையைச் சேர்ந்த கலச மகால், 1768ஆம் ஆண்டில் எழும்பிய மாளிகை. 2012ஆம் ஆண்டு ஜனவரியில், அரசு அலுவலகங்கள் இயங்கிவந்த அம்மாளிகை பெருந்தீக்கு இரையாயிற்று. தீயை அணைக்கச் சென்ற வீரர் ஒருவர் தம் உயிரையே ஈந்தார். கூரை வீழ்ந்து, கரிந்த சுவர்கள் மட்டும் நின்றன. இதையும் இடித்துவிடலாம் என்ற எண்ணம் எழாமல் இல்லை. ஆனால் வல்லுநர்கள் ஆராய்ந்து, தடித்த அச்சுவர்களுக்கு இன்னும் வலிமை உண்டு எனக் கண்டனர். பொதுப்பணித் துறையினர் பழைய முறைப்படி சுண்ணாம்புக் காரை கொண்டே அதைப் புதுப்பித்தனர். பின்னர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இடம்பெற்றது.

ஆலயங்களுக்கும் இந்தச் சோதனை வருவதுண்டு. நியூசிலாந்து நாட்டின் கிறைஸ்ட்சர்ச் நகரில், 1905இல் திறக்கப்பட்ட திவ்விய நற்கருணைப் பேராலயம் அழகுக்குப் பெயர்பெற்றது. 2011 பிப்ரவரி 22ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தில் அதன் முன்புற மணிக்கூண்டுகள் இரண்டும் சரிந்தன. அந்நிலநடுக்கத்தில் நகரில் 185 பேர் மாண்டனர். பேராலயத்தை மீட்க முடியுமா என்று பல ஆண்டுகள் ஆராய்ந்த பின், 2019இல் அவ்வூர் ஆயர் அதனை அகற்றிவிட முடிவு செய்தார். தலைமுறை தலைமுறையாக அங்கே ஞானஸ்நானம் பெற்று, மணமுடித்து, பெற்றோரை அடக்கம் செய்த மக்களுக்கு அது எத்துணைத் துயரம்! ஆயினும் முடிவெடுத்தனர்.

சேப்பாக்கத்தில் காத்தனர், கிறைஸ்ட்சர்ச்சில் அகற்றினர், மௌலிவாக்கத்தில் தகர்த்தனர். மூன்றும் வெவ்வேறு முடிவுகள். ஆனால் மூன்றிலும் வல்லுநர் ஆராய்ந்தனர், பொறுப்புள்ளோர் முடிவு செய்தனர். முடிவே செய்யாமல் விட்டுவிடுவதுதான் நான்காவது வழி. உயிர் குடிப்பது அந்த வழியே.

நம் தெருக்களில்

பதினொரு மாடி நம் ஊரில் எங்கே இருக்கிறது என்று எண்ண வேண்டாம். சேலத்தின் பழைய பேட்டைகளை நினைத்துப் பாருங்கள். ஒரே சுவரை இரு குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்ட வீடுகள் எத்தனை! 2021 நவம்பர் 23ஆம் நாள் காலையில், சேலம் கருங்கல்பட்டியில் ஒரு வீட்டில் சமையல் எரிவாயு வெடித்தது. அந்த வீடு மட்டுமா விழுந்தது? ஒட்டியிருந்த வீடுகளும் சேர்ந்தே இடிந்து பல உயிர்களைப் பறித்தன. பிறருடைய சுவர் நமக்கும் சுவர்தான்.

காவிரிக் கரைக்கு வருவோம். மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் திறக்கப்படும் ஆண்டுகளில், குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் கரையோர வீடுகளுக்குள் வெள்ளம் புகுகிறது. 2018இலும் 2022இலும் கண்டோம். மக்கள் முகாம்களில் தங்குகின்றனர். நீர் வடிந்ததும், தட்டுமுட்டுச் சாமான்களைச் சுமந்துகொண்டு வீடு திரும்புகின்றனர். ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் நாள் கணக்கில் நீரில் ஊறிய மண்சுவர், வெள்ளம் நின்ற நாளைவிட, வெள்ளம் வடிந்து வெயில் காயும் நாளிலேயே விழக்கூடும். அடிமண் அரிக்கப்பட்டிருப்பதும் வெளியே தெரிவதில்லை. வீடு நிற்பதைக் கண்டு மகிழ்வதற்கு முன், அது எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

2019 டிசம்பர் 2ஆம் நாள் விடியற்காலையில், மேட்டுப்பாளையம் நடூரில் பெருமழைக்கு ஒரு சுற்றுச்சுவர் வீடுகளின்மேல் சாய்ந்து, உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். 2021 டிசம்பர் 17ஆம் நாள் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் இறந்தனர். அதன் பின்னரே மாநிலமெங்கும் பள்ளிகளின் பழுதடைந்த கட்டடங்களைக் கண்டறிந்து இடிக்க ஆணை பிறந்தது. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பது இதுதானோ?

நாம் செய்யத்தக்கது

விதி என்று சொல்லி ஒதுங்குவது நம் வழக்கம். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவரைவிடப் பாவிகள் அல்லர் என்றே ஆண்டவர் கூறினார். புது வீட்டின் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டும்படி இணைச்சட்ட நூல் கட்டளையிடுகிறது. எவரேனும் தவறி விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டுக்காரரைச் சேரும் என்று எச்சரிக்கிறது. வீட்டின் பாதுகாப்பு அறத்தின் ஒரு பகுதி.

சுவரில் விரிசல் கண்டால், அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதியை எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி அது வளர்ந்தால், சுண்ணாம்பு பூசி மறைக்காமல் பொறியாளரை அழையுங்கள். நேற்றுவரை எளிதாகச் சாத்திய கதவு இன்று நிலையில் சிக்கினால் கவனியுங்கள். கூரைக் காரை உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், அதன் கீழ் கட்டில் போடாதீர்கள். சுவரில் முளைத்த அரசங்கன்றை இளமையிலேயே களையுங்கள்.

பாழடைந்த கட்டடம் பிறருடையதாயின், ‘நமக்கென்ன’ என்று இருத்தல் ஆகாது. நகராட்சிக்கோ மாநகராட்சிக்கோ எழுத்து மூலம் தெரிவிக்கலாம். விழும் நிலையிலுள்ள கட்டடத்தை அகற்றவோ, பழுதுபார்க்கவோ, முட்டுக் கொடுக்கவோ உரிமையாளருக்குக் கட்டளையிட மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் ஆகியோருக்கு அதிகாரம் உண்டு. முன்பு 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவாக இருந்த இவ்விதி, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152ஆம் பிரிவாக உள்ளது. நம் பங்கின் பள்ளியும் அறைவீடும் கல்லறைத் தோட்டச் சுவரும் இவ்விதிக்கு விலக்கல்ல என்பதையும் மறவாதிருப்போம்.

முடிவாக ஒரு நற்செய்தி. 2021 டிசம்பர் 27ஆம் நாள், சென்னைத் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று இடிந்து விழுந்தது. இறந்தவர் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை. விரிசலைக் கண்டவர்கள் வாளாவிருக்கவில்லை. ஒருவரையொருவர் எச்சரித்து, அனைவரும் வெளியேறிவிட்டனர். உடைமைகள் புழுதியில் புதைந்தன. குடும்பங்களோ தெருவில் உயிரோடு நின்றன.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். அந்தச் சுவரைப் பார்க்கும் கண்ணும், கண்டதைச் சொல்லும் வாயும், சொன்னதைக் கேட்கும் செவியும் நமக்கு வேண்டும். ஐப்பசி மழை வருமுன், இன்று மாலையே உங்கள் வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். அடுத்த வீட்டையும் ஒரு கண் பாருங்கள்.