சொந்தமாகப் பூட்டிய மடிக்கணினி இயங்கத் தொடங்காதது ஏன்?

மடிக்கணினியை முழுவதும் பூட்டப்பட்ட நிலையில் விலைக்கு வாங்குவதே பெரும்பான்மையோர் வழக்கம். எனினும், மதர்போர்டு, திரை, விசைப்பலகை ஆகியவை மட்டும் பொருத்தப்பெற்ற பொறியை வாங்கி, ராம் எனப்படும் நினைவகத்தையும் எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பகத்தையும் தாமே பூட்டிக்கொள்வோரும் உளர். புதுதில்லி நேரு பிளேஸ் போன்ற கடைத்தெருக்களில் பழைய உறுப்புகளைத் தேடி வாங்கிப் பொறியை உருவாக்கும் மாணவர்களும் உண்டு. விசையை அழுத்தியதும் சிறு விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, திரையோ இருண்டே கிடக்கிறது. மதர்போர்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, பல்லாயிரம் ரூபாய் பெறுமானமுள்ள நல்ல பலகையை ஒதுக்கிவிடுவது இந்நிலையிலேதான்.

விசையை அழுத்தியவுடன் பொறியினுள் நிகழ்வது யாது? முதலில் மின்வழங்கு சுற்றுகள் வெவ்வேறு மின்னழுத்தங்களை உண்டாக்குகின்றன. அவை நிலைபெற்ற பின்னரே பிராசஸர் செயற்படத் தொடங்கி, மதர்போர்டிலுள்ள ஃபிளாஷ் சில்லில் பதிந்துள்ள தொடக்க நிரலைப் படிக்கிறது. முன்னாளில் பயாஸ் எனப்பட்ட இந்நிரல் இன்றைய பொறிகளில் யூ.ஈ.எஃப்.ஐ. என்னும் முறையில் அமைந்துள்ளது. அது நினைவகத்தைச் சோதித்து, திரையை இயக்கி, இறுதியில் சேமிப்பகத்திலிருந்து ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை அழைக்கிறது. 1981-ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். கணினி, சோதனை நன்கு முடிந்ததை ஒரு குறுகிய ஒலியால் அறிவித்தது. இக்காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்பதே பிழையின் குறியீடு. அதன் பொருளைக் கையேட்டில் காணலாம். எப்படியில் பொறி நின்றது என்பதை அறிந்தால் பாதி வேலை முடிந்ததாகும்.

விளக்கே எரியவில்லையெனில் சார்ஜரை முதலில் ஐயுற வேண்டும். டைப்-சி சார்ஜர் தொடக்கத்தில் 5 வோல்ட் மட்டுமே தரும். பொறியும் சார்ஜரும் தமக்குள் தகவல் பரிமாறிக்கொண்ட பிறகே 20 வோல்ட் வரை உயரும். கைபேசியின் சிறு சார்ஜர் இதற்கு உதவாது. சார்ஜர் சரியாயின், அதனையும் மின்கல இணைப்பையும் கழற்றிவிட்டு, விசையை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் எஞ்சிய மின்னூட்டம் வடிந்துவிடும். எவ்வுறுப்பையும் தொடுமுன் மின்கல இணைப்பைக் கழற்றுதல் இன்றியமையாதது. உப்பிய லித்தியம் மின்கலத்தை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பற்றும்.

விளக்கு எரிந்தும் திரை இருண்டிருப்பின், பெரும்பாலும் குறை நினைவகத்தில்தான். டி.டி.ஆர்.4 வகை 260 தொடுமுனைகளும் 1.2 வோல்ட் மின்னழுத்தமும் கொண்டது, டி.டி.ஆர்.5 வகைக்கு 262 முனைகள், 1.1 வோல்ட். இவற்றின் வெட்டுவாய் வேறு வேறு இடத்தில் அமைந்திருப்பதால் ஒன்றை மற்றதன் பள்ளத்தில் செருக இயலாது. பழைய டி.டி.ஆர்.3 வகையிலோ இக்காப்பு இல்லை. 1.5 வோல்ட் பலகையும் 1.35 வோல்ட் பலகையும் ஒரே வடிவின. குறைந்த மின்னழுத்தத்தை மட்டும் ஏற்கும் பொறியில் மற்றது நன்றாகவே பொருந்தும், ஆனால் பொறி இயங்காது. பலகையைச் சாய்வாக முழுதும் செருகி, பின் இருபுறக் கொக்கிகளும் பிடிக்குமாறு அழுத்த வேண்டும். இரண்டு பலகைகள் இருப்பின், ஒவ்வொன்றாக, ஒவ்வொரு பள்ளத்திலும் வைத்துப் பார்ப்பது நலம்.

இங்கே புதியோரை ஏமாற்றும் ஒரு செய்தியுண்டு. நினைவகத்துக்கும் பிராசஸருக்கும் இடையே ஓடும் குறிகைகள் மிக நுண்ணிய காலக் கணக்கில் சென்று சேர வேண்டும். அக்கணக்கு பலகைக்குப் பலகை சிறிது மாறும். ஆகவே புதிய நினைவகத்தைக் கண்டதும் பொறி பற்பல தாமத அளவுகளை முயன்று பார்த்து, ஏற்றதைக் குறித்துக்கொள்கிறது. டி.டி.ஆர்.5 பொறிகளில் முதன்முறை இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கலாம். அதுவரை திரை இருண்டேயிருக்கும். பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்துவோர் அவ்வேலையை மீண்டும் முதலிலிருந்து தொடங்கச் செய்கிறார்கள். கால் மணி நேரம் காத்திருப்பதில் இழப்பொன்றுமில்லை.

அதன் பின்னும் ஒளி தோன்றாவிடில், வெளித்திரை ஒன்றை இணைத்துப் பார்க்கலாம். அதில் படம் வந்தால் பொறி நலமே. கெட்டது திரையோ அதன் நாடாவோ ஆகும். இருண்ட திரைமேல் டார்ச் விளக்கைச் சாய்வாகப் பாய்ச்சும்போது மங்கலான எழுத்துகள் தெரிந்தால், பின்னொளி மட்டுமே பழுது.

"தொடக்க வட்டு இல்லை" என்னும் பொருள்படத் திரையில் எழுத்து வருமாயின் மகிழலாம். முந்திய படிகள் யாவும் தேறிவிட்டன. புதிய சேமிப்பகம் வெறுமையாகவே வரும். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை நாமே பதிய வேண்டும். எம்.2 வடிவச் சேமிப்பகங்களுள் சாட்டா, என்.வி.எம்.ஈ. என இரு வகையுண்டு. ஒன்றை மட்டும் அறியும் பள்ளத்தில் மற்றதைச் செருகினால் பொறி அதனைக் காணவே காணாது.

சேமிப்பகத்தை நீக்கி, நன்றென்று வேறு பொறியில் தெரிந்த, இப்பொறிக்கு ஏற்ற ஒரே நினைவகப் பலகையையும் தக்க சார்ஜரையும் வைத்து, வெளித்திரையிலும் எதுவும் தோன்றாதபோதுதான் மதர்போர்டின்மேல் ஐயம் கொள்வது நியாயமாகும்.