உயர்மலை ஊலோங் தேநீர்

மைசூரில் வாழும் தமிழர்களுக்குக் காப்பியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேநீர் என்றால் மட்டும், பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவைத்த தூள் தேநீரே நம் நினைவுக்கு வருகின்றது. குண்டலுப்பேட்டை, பந்திப்பூர், கூடலூர் வழியே ஒரு பகற்பொழுதில் சென்றடையத்தக்க நீலகிரியில், சில தோட்டங்கள் சிறிய அளவில் வேறொரு வகைத் தேயிலையையும் செய்கின்றன. அதன் பெயர் ஊலோங்.

பச்சைத் தேயிலை, கறுப்புத் தேயிலை, ஊலோங் ஆகிய மூன்றும் ஒரே செடியின் இலைகளே. பறித்த இலை கசங்கும்போது அதன் சாற்றோடு பிராணவாயு கலந்து, நிறமும் மணமும் மாறுகின்றன. இம்மாற்றத்தைத் தொடக்கத்திலேயே சூட்டினால் நிறுத்திவிட்டால் பச்சைத் தேயிலை. முற்றிலும் நிகழவிட்டால் கறுப்புத் தேயிலை. இடைவழியில் நிறுத்தினால் ஊலோங். இலையை வாட்டி, மெல்லக் குலுக்கி, ஓரங்கள் மட்டும் சிவக்கும் தறுவாயில் சூடேற்றி, சுருட்டி உலர்த்துகின்றனர். எப்போது நிறுத்துவது என்பதைச் செய்பவரின் மூக்கும் கையுமே முடிவு செய்கின்றன.

இவ்வகைக்குப் புகழ்பெற்ற தைவான் தீவில், 1000 மீட்டருக்கு மேல் விளைவதையே உயர்மலைத் தேயிலை என்பர். நீலகிரியிலோ 1800 மீட்டருக்கு மேலும் தோட்டங்கள் உண்டு. குளிரிலும் மூடுபனியிலும் கொழுந்து மெல்ல வளர்வதால் துவர்ப்பு குறைந்து நறுமணம் மிகுகின்றது. டிசம்பர், ஜனவரி மாதங்களில், உறைபனிக் காலத்தில் பறிக்கும் இலைக்குத் தனி மதிப்பு இருப்பதும் இதனாலேயே.

இனி, தயாரிக்கும் முறை. ஊலோங்குக்குப் பாலும் சர்க்கரையும் வேண்டா. இலையை அடுப்பில் கொதிக்கவைத்தலும் ஆகாது. 150 மில்லிலிட்டர் நீருக்கு 5 கிராம் இலை போதும். மைசூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே தண்ணீர் 97 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ஆகவே, கொதித்த நீரைச் சற்றே ஆறவிட்டு இலைமேல் ஊற்றி, மூடி, ஒரு நிமிடம் கழித்து முழுவதும் வடித்துவிடுக. நீரை மிச்சம் வைத்தால் அடுத்த கிண்ணம் கசக்கும். அதே இலையில், ஒவ்வொரு முறையும் சிறிது நேரம் கூட்டி, நான்கைந்து தடவை தேநீர் இறக்கலாம். இவ்வாறு கணக்கிட்டால், விலை முதலில் தோன்றுமளவு மிகையன்று.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. இலை நொறுங்காமல் முழுமையாகச் சுருண்டிருக்க வேண்டும். தூள் மிகுந்திருத்தல் கூடாது. எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எந்தப் பருவம் என்று கேட்டறிக. முதலில் 50 கிராம் மட்டும் வாங்குக. தேநீர் இறக்கியபின் இலையை விரித்துப் பார்த்தால் பச்சை நடுவும் சிவந்த ஓரமும் பெரும்பாலும் தெரியும். மூக்கைத் துளைக்கும் இனிப்பு வாசனை முதல் கிண்ணத்தோடு மறைந்துவிட்டால், மணம் சேர்க்கப்பட்டதோ என்று ஐயுறலாம். டப்பாவை இறுக மூடி, மசாலாப் பொருள்களுக்கு அப்பால் வைக்க வேண்டும்.

இவ்வாறு கேட்டு வாங்குவதால் நம் நாவுக்கு மட்டுமன்றிப் பிறர்க்கும் பயனுண்டு. தூள் தேயிலையின் விலை சரியும்போதெல்லாம் நீலகிரியின் சிறு விவசாயி தரும் பச்சை இலையின் விலையும் சரிகின்றது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் பலர் அம்மலைகளில் குடியமர்ந்து, கொழுந்து பறித்தே வாழ்ந்தனர். நல்ல ஊலோங்குக்கு இளங்கொழுந்தைக் கையால் தேர்ந்து பறிக்க வேண்டும். அத்திறமைக்கு உரிய கூலி அளிக்க நல்ல விலையும் வேண்டும். தோட்டத்தின் பெயரைக் கேட்டு வாங்குவோர் பெருகினால்தான் அவ்விலைக்கு இடமுண்டாகும். அடுத்த முறை உதகை செல்லும் நேயர்கள், தூள் பொட்டலத்தோடு ஒரு சிறு பொட்டலம் ஊலோங்கும் வாங்கிவந்து சுவைத்துப் பார்ப்பார்களாக.