கணிப்பொறி காசு தோண்டுமா?

"சார், ராத்திரி நாம தூங்கும்போது கம்ப்யூட்டர் தானா பணம் சம்பாதிச்சுக் கொடுக்குமாமே, உண்மையா?"

கோட்டுச்சேரியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மாணவன் ஒருவன் சென்ற கோடை விடுமுறையில் என்னிடம் கேட்ட கேள்வி இது. விளையாடுவதற்காகத் தந்தை வாங்கித் தந்த கணிப்பொறியில், பிட்காயின் 'தோண்டும்' நிரலை அவன் இரண்டு இரவுகள் ஓட்டியிருந்தான். அவன் வீட்டிற்குச் சென்ற நான் முதலில் திரையைப் பார்க்கவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கை வெளியே இழுத்தேன். கை பொறுக்காத சூடு! ஒரு முனையைச் சுற்றிப் பழுப்பு நிறம் படர்ந்திருந்தது. அந்தச் சுவரை ஒட்டியே அவன் பாட்டியின் கட்டில் கிடந்தது.

மாணவ நண்பர்களே, வருமானம் எவ்வளவு, ஆபத்து எங்கே என்னும் இரண்டு கேள்விகளுக்கும் உங்கள் இயற்பியல் பாடமே விடை சொல்லும். வாருங்கள், பார்ப்போம்.

தோண்டுவது என்றால் என்ன?

பிட்காயின் என்பது உலோக நாணயம் அன்று. உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் சேர்ந்து காத்துவரும் ஒரு கணக்குப் பேரேடு அது. சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008-ஆம் ஆண்டு இதன் திட்டம் வெளியாயிற்று. பேரேட்டின் முதல் ஏடு 2009 ஜனவரி 3-ஆம் நாள் உருவாயிற்று. சராசரியாக 10 நிமிடத்திற்கு ஒரு புதிய ஏடு சேர்கிறது. அதைச் சேர்க்கும் உரிமை யாருக்கு என்பதை ஒரு போட்டி முடிவு செய்கிறது.

ஏட்டிலுள்ள செய்தியுடன் ஏதேனும் ஓர் எண்ணைச் சேர்த்து, 'ஷா-256' என்ற கணித முறையில் இட்டால், 256 இலக்கங்கள் கொண்ட இரும எண் ஒன்று விடையாக வரும். இட்டதில் ஓர் எழுத்து மாறினாலும் விடை முற்றிலும் மாறிவிடும். குறித்த அளவைவிடச் சிறிய விடையைத் தரும் எண்ணை முதலில் கண்டுபிடிப்பவரே வென்றவர். இதற்குக் குறுக்குவழி கிடையாது. ஒவ்வோர் எண்ணாக இட்டுப் பார்க்கவேண்டியதுதான். வென்றவருக்குத் தொடக்கத்தில் 50 பிட்காயின் பரிசு கிடைத்தது. அது படிப்படியாகப் பாதியாகி, 2024 ஏப்ரலில் 3.125 ஆயிற்று.

வெல்லும் வாய்ப்பு எவ்வளவு?

2025-ஆம் ஆண்டின் நிலையில், ஒரு ஏட்டிற்கான விடை கிடைக்க உலகம் முழுவதும் சேர்ந்து ஏறத்தாழ 6×10²³ முயற்சிகள் செய்யவேண்டியிருந்தது. இந்த எண்ணை எங்கோ பார்த்த நினைவு வருகிறதா? ஆம், வேதியியலில் வரும் அவகாட்ரோ எண்ணேதான்!

விளையாட்டுக் கணிப்பொறியின் வரைகலை அட்டை நொடிக்கு 500 கோடி முறை, அதாவது 5×10⁹ முறை முயல்கிறது என்று கொள்வோம். வகுத்துப் பார்த்தால் 1.2×10¹⁴ நொடிகள் வரும். ஓர் ஆண்டிற்கு 3.15×10⁷ நொடிகள். ஆகவே ஒரு முறை வெல்லச் சராசரியாக 38 லட்சம் ஆண்டுகள் காத்திருக்கவேண்டும்! இதற்கென்றே செய்யப்பட்ட தனிப்பொறிகள் நொடிக்குப் பல லட்சம் கோடி முறை முயல்கின்றன. அவற்றோடு நம் வீட்டுக் கணிப்பொறி போட்டியிடுவது, விரைவு ரயிலோடு மிதிவண்டியில் போட்டியிடுவதைவிட வீண் வேலை.

வரைகலை அட்டைக்கு ஏற்றதாக இருந்த பெரிய நாணயம் ஈத்தர். அதுவும் 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் தோண்டும் முறையையே கைவிட்டுவிட்டது. எஞ்சியவை சிறு நாணயங்கள். அவற்றைப் பலர் குழுவாகச் சேர்ந்து தோண்டிப் பரிசைப் பங்கிட்டுக்கொள்கின்றனர். இதில் சில்லறை கிடைக்கலாம். ஆனால் செலவு? கணிப்பொறி 400 வாட் எடுத்தால் ஒரு நாளைக்கு 9.6 யூனிட், மாதத்திற்கு 288 யூனிட். உங்கள் வீட்டு மின்கட்டண ரசீதை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள். பயன்பாடு கூடக்கூட யூனிட்டின் விலையும் ஏறும் என்பதை மறவாதீர்கள்.

சூடு எங்கே பிறக்கிறது?

இந்த 400 வாட் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. அறையில் ஒரு சிறு மின் அடுப்பை இரவு முழுவதும் எரிப்பதற்கு ஒப்பாகும் இது. 230 வோல்ட்டில் இதற்கு ஏறத்தாழ 1.7 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். நல்ல சாக்கெட்டிற்கு இது சிறிய அளவுதான். ஆனால் தளர்ந்த சாக்கெட்டில் தொடுமிடத்தின் மின்தடை 1 ஓம் ஆகிவிட்டால், அங்கே வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கம் பெருக்கல் மின்தடை, அதாவது ஏறத்தாழ 3 வாட். தீக்குச்சித் தலையளவு இடத்தில் இரவெல்லாம் 3 வாட்! உலோகப் பரப்பு கருகும். மின்தடை மேலும் உயரும். சூடு இன்னும் கூடும். எங்கள் ஊர்ப் பக்கம் வீசும் உப்புக் கடற்காற்று இந்த அரிப்பை விரைவுபடுத்துகிறது. இரண்டு மணி நேர விளையாட்டில் தெரியாத குறை, இடைவிடாத ஓட்டத்தில் தீயாகலாம்.

ஆகவே, பெரியவர்களின் சம்மதத்தோடு சோதனையாக ஓட்டுவதானாலும் சில விதிகளைக் கைக்கொள்ளுங்கள். நில இணைப்புள்ள, இறுக்கமான சுவர் சாக்கெட்டையே பயன்படுத்துங்கள். பல பிளக்குகள் செருகிய நீட்டிப்புப் பலகை வேண்டாம். பெட்டியைச் சுற்றிக் காற்று புழங்கட்டும். விசிறியில் படிந்த தூசியை, மின்சாரத்தைத் துண்டித்த பிறகு நீக்குங்கள். அட்டையின் திறன் வரம்பைக் குறைத்து வையுங்கள். சில்லின் திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் அதிர்வெண்ணையும் பொறுத்தது. வேகத்தைச் சற்றுக் குறைத்தால் வெப்பம் வெகுவாகக் குறையும். யாரும் விழித்திராத வேளையில் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத திருடர்

சில நிரல்கள், "வைரஸ் தடுப்பை அணைத்துவிடு" என்று கேட்கும். அப்படிக் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். உங்கள் கணிப்பொறியைக் கொண்டு வேறொருவருக்காகத் தோண்டும் திருட்டு நிரல்களும் உண்டு. 2018-இல் ஆந்திர அரசின் சில இணையதளங்களில்கூட அத்தகைய நிரல் ஒளிந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. விளையாடாதபோதும் விசிறி இரைந்தால் ஐயப்படுங்கள். பணப்பையைத் திறக்கும் 12 அல்லது 24 இரகசியச் சொற்களை யாரிடமும் சொல்லாதீர்கள். பள்ளிக் கணிப்பொறியை இதற்குத் தொடவே கூடாது. 2018-இல் ரஷ்யாவின் சாரோவ் அணு ஆய்வு மையத்தில், அலுவலகக் கணிப்பொறியில் தோண்ட முயன்ற பொறியாளர்கள் கைதாயினர். நம் நாட்டில் 2022 ஏப்ரல் முதல் இத்தகைய நாணயங்களை விற்றுப் பெறும் ஆதாயத்திற்கு 30 விழுக்காடு வரி உண்டு என்பதையும் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

நீங்களே அளந்து பாருங்கள்

உங்கள் வீட்டு மின் அளவியில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டிற்கு எத்தனை மினுக்கல் என்று அதன் முகப்பில் எழுதியிருக்கும். மற்ற சாதனங்களை அணைத்துவிட்டுக் கணிப்பொறியை மட்டும் இயக்கி, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மினுக்குகிறது என எண்ணுங்கள். 3200 என்று எழுதியிருந்து, நிமிடத்திற்கு 21 முறை மினுக்கினால், கணிப்பொறி எடுப்பது ஏறத்தாழ 400 வாட்.

அந்த மாணவனும் இப்படித்தான் எண்ணினான். பெருக்கிப் பார்த்துவிட்டு நிரலை அவனே நீக்கினான். மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்து சாக்கெட்டை மாற்றினார். கணிப்பொறியில் இப்போது விளையாட்டு மட்டுமே ஓடுகிறது. பாட்டியும் நிம்மதியாகத் தூங்குகிறார்.